முதுமையில் இடுப்பு எலும்பு முறிவு: அறுவை சிகிச்சையா, படுக்கை ஓய்வா?

எழுபது வயதைக் கடந்த ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல், ஒரு கால் சற்றுக் குட்டையாகவும் பாதம் வெளிப்புறம் திரும்பியும் கிடந்தால், பெரும்பாலும் இடுப்போடு சேரும் தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்திருக்கும்; இதையே இடுப்பு எலும்பு முறிவு என்கிறோம். எக்ஸ்ரேயில் அது உறுதியானதும், "இந்த வயதில் ஆபரேஷனைத் தாங்குவாரா?" என்றே வீட்டார் கேட்கின்றனர். வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பதைத் தாங்குவாரா என்பதையும் அதே அக்கறையோடு கேட்டாக வேண்டும்.

கத்தியும் மயக்க மருந்தும் இல்லை என்பதால் படுக்கை ஓய்வு பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. ஆனால், காலில் எடை கட்டித் தொங்கவிட்டோ நாட்டுக் கட்டுப் போட்டோ அசையாமல் கிடக்கும் முதியவருக்கு நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரலாம். காலின் ஆழ்நாளங்களில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குச் சென்று அடைக்கலாம். சிறுநீர்த் தொற்றும் எளிதில் பற்றும். படுக்கைப் புண் வராமலிருக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முறிந்த எலும்பு அசையும்போது அவர் வலியில் அலறுவதால் வீட்டார் புரட்டவே தயங்குகின்றனர், இடுப்பின் பின்புறம் முதலில் சிவந்த தோல் சில நாட்களில் புண்ணாகிவிடுகிறது.

முறிந்த இடமும் முக்கியம். தொடை எலும்பின் உச்சியில் இடுப்புக் குழிக்குள் பொருந்தியிருப்பது பந்துப் பகுதி, அதற்குச் சற்றுக் கீழே இருப்பது கழுத்துப் பகுதி. கழுத்துப் பகுதி முறிந்து விலகினால் பந்துப் பகுதிக்கான ரத்த ஓட்டம் தடைபடுவதால், எத்தனை நாள் கட்டிவைத்தாலும் பெரும்பாலும் எலும்பு கூடுவதில்லை. கழுத்துக்குக் கீழே முறிந்தால் எலும்பு கூட வாய்ப்புண்டு, ஆனால் கால் குட்டையாகிவிடலாம் அல்லது திரும்பிவிடலாம். கை முறிவில் நாட்டுக் கட்டால் குணமடைந்தவர்களின் அனுபவத்தை இதற்குப் பொருத்திப் பார்ப்பது ஆபத்தானது.

அறுவை சிகிச்சையில் கழுத்து முறிவுக்குப் பெரும்பாலும் செயற்கைப் பந்து பொருத்துகின்றனர். அதற்குக் கீழான முறிவை நெயில் (எலும்புக்குள் செலுத்தும் உலோகத் தண்டு) அல்லது பிளேட் (உலோகத் தகடு) வைத்து இறுக்குகின்றனர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தே பலருக்கும் இதை முடித்துவிடலாம். மறுநாளே கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, வாக்கரைப் பிடித்து நிற்கவைக்க முடிகிறது என்பதே இதன் பெரும் பலன். ஆபத்து இல்லாமலில்லை: மாரடைப்பு, தொற்று, சில நாட்கள் நீடிக்கும் மனக்குழப்பம் ஆகியவை நேரலாம்; பல நாட்டுக் கணக்குகளின்படி, இம்முறிவுக்கு ஆளான முதியோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கின்றனர். அறுவை சிகிச்சையின்றிப் படுக்கையில் விடப்படுவோரிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம்.

"ஒரு வாரம் பார்ப்போம்" என்பதே எனக்கு மிகவும் கவலை தரும் முடிவு. முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வதே நல்லது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஓரளவு கட்டுக்குள் வந்தால் போதும், எல்லா அளவுகளும் சீராகட்டும் எனக் காத்திருந்தால் நிமோனியா முந்திக்கொள்ளும்.

விழுவதற்கு முன்பே நடமாட்டமின்றி, தீராத நோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவருக்கு, அறுவை சிகிச்சையைத் தவிர்த்து வலியை முறையாகத் தணிப்பது நியாயமான தேர்வாக இருக்கலாம். அவர் பேசும் நிலையில் இருந்தால் அவரையே கேட்க வேண்டும்.

செலவுக்கு அஞ்சுவோர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமிருப்பதால், அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரிக்கலாம். எந்த வழியைத் தேர்ந்தாலும், எலும்பு அடர்த்திக் குறைவுக்கான மருந்து டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்பது அவசியம். அது விடுபட்டால், அடுத்த வழுக்கலில் மற்றொரு இடுப்பும் முறியும் வாய்ப்பு அதிகம்.