சேர்வராயன் மலையும் ஆப்சிடியனும்: எழுதுவோருக்கான ஒரு மதிப்புரை

சேலத்தின் வரலாற்றை எழுதப் புகுபவருக்கு முதல் சிக்கல் ‘சேலம் மாவட்டம்’ என்ற பெயரிலேயே இருக்கிறது. 1918-இல் வெளிவந்த மாவட்டக் கெசட்டியர் சொல்லும் சேலம், தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் உள்ளடக்கியது. 1965-இல் தருமபுரி பிரிந்தது. 1997-இல் நாமக்கல்லும் தனி மாவட்டமாயிற்று. ஆகவே ஒரு பழைய ஆவணத்திலிருந்து மக்கள்தொகையையோ காப்பிப் பயிரின் பரப்பையோ குறித்துக்கொள்ளும்போது, அது எந்தச் சேலத்தைப் பற்றியது என்பதையும் சேர்த்துக் குறிக்காவிட்டால், ஆண்டுகள் கழித்து அந்தக் குறிப்பு பயன்படாமல் போவதோடு எழுதுபவரைத் தவறான வழியிலும் கொண்டுபோய்விடும். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையைப் பற்றிய கட்டுரைகளுக்காகக் குறிப்புகளைச் சேர்த்துவரும் எனக்கு, இந்தச் சிக்கலை ஓரளவு தீர்த்துவைத்தது ஆப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலி.

ஆப்சிடியன் 2020-இல் சோதனைப் பதிப்பாக வந்து, 2022-இல் முதல் முழுப் பதிப்பை எட்டியது. பதிவிறக்கவும் பயன்படுத்தவும் கட்டணம் இல்லை. நாம் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் நம்முடைய கணினியிலேயே, ஒரு சாதாரண ஃபோல்டருக்குள், மார்க்டவுன் என்ற எளிய எழுத்துக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. நாளை இந்தச் செயலியே இல்லாமற்போனாலும் நோட்பேடில் திறந்து படித்துக்கொள்ளலாம் என்பதால், பத்து ஆண்டுகளுக்கான வேலையை நம்பி ஒப்படைக்க முடிகிறது. இணையம் தேவையில்லை என்பதும் சிக்னல் கிடைக்காத மலைக்கிராமங்களில் குறிப்பெடுப்பவருக்குச் சிறிய வசதியன்று.

செயலியின் உயிர் இணைப்புகளில் இருக்கிறது. ஒரு குறிப்பை எழுதும்போது [[குப்பனூர் சாலை]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால், அந்தப் பெயரிலுள்ள குறிப்புக்கு இணைப்பு உருவாகிறது. அப்படியொரு குறிப்பு இன்னும் எழுதப்படாவிட்டாலும் இணைப்பு நின்று காத்திருக்கும். பின்னர் ‘குப்பனூர் சாலை’யைத் திறக்கும்போது, அதைச் சுட்டும் குறிப்புகளெல்லாம் பக்கவாட்டில் பேக்லிங்க் என்ற பட்டியலில் வரிசையாக நிற்கின்றன. ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் ஏறத்தாழ 90,000 துண்டுச்சீட்டுகளை எண்ணிட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிகாட்டி, மரப்பெட்டிகளில் வைத்து நூல்களை எழுதிய முறையின் கணினி வடிவம் இது. ஒரு சீட்டை எவையெல்லாம் சுட்டுகின்றன என்பதை லூமான் தம் கையாலேயே குறித்து வைக்க வேண்டியிருந்தது. இங்கே அது தானாகவே நடக்கிறது.

இது எழுத்துக்கு எப்படி உதவுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். ஏற்காட்டுக் காப்பியைப் பற்றி ஒரு கட்டுரை எழுத எண்ணியிருந்தேன். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பி பயிரிடத் தொடங்கியது, மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கே பாக்சைட் வெட்டப்பட்டது, மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்காகப் போக்குவரத்தை மாற்றிவிடுவது ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில், ஒன்றை நினைத்து மற்றொன்றை எழுதாத தனிக் குறிப்புகள். ‘ஏற்காடு சாலை’ என்ற குறிப்பைத் திறந்தபோது மூன்றும் அதன் பேக்லிங்க் பட்டியலில் அடுத்தடுத்து நின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையை மையமாக வைத்தால், தோட்டமும் சுரங்கமும் சுற்றுலாவும் ஒரே கட்டுரைக்குள் வந்துவிடும் என்பது அப்போதுதான் புலப்பட்டது. காப்பிக் கட்டுரை சாலைக் கட்டுரையாயிற்று.

ஆனால் இணைப்பைப் போட்டுவிட்டால் மட்டும் இது நடந்துவிடாது. ஏன் இணைக்கிறோம் என்று பக்கத்திலேயே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவர் சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறினார்கள் என்று, மலையாளி என்ற பெயருடைய இம்மலைப் பழங்குடியினரிடையே ஒரு மரபுக்கதை வழங்குகிறது. விவரங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகின்றன. ஒவ்வொரு வடிவத்தையும் தனிக் குறிப்பாக வைத்து, “இது முந்தையதிலிருந்து மூத்தவர் யார் என்பதில் மாறுபடுகிறது” என்று இணைப்பின் அருகே எழுதினால், கட்டுரையின் ஒரு பத்தி அங்கேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. வெறும் இணைப்பாக விட்டால், ஆறு மாதம் கழித்து அது நமக்கே புதிராக நிற்கும்.

தமிழில் எழுதுவோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய குறை ஒன்று உண்டு. ஒரு குறிப்பின் தலைப்பு வேறெங்கேனும் இணைப்பில்லாமல் வந்திருந்தால், அதையும் ஆப்சிடியன் கண்டுபிடித்துக் காட்டும். ஆங்கிலத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. நம் மொழியில் வேற்றுமை உருபு சேர்ந்தவுடன் சொல்லின் உருவமே மாறிவிடுகிறது. ‘ஏற்காடு’ என்ற தலைப்புக்கு ‘ஏற்காட்டில்’, ‘ஏற்காட்டுக்கு’ என்பவை செயலியின் கண்ணில் படுவதில்லை. ‘சேலம்’ என்பதற்கும் ‘சேலத்தில்’ என்பதற்கும் அதே கதிதான். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. எழுதும்போதே [[ஏற்காடு|ஏற்காட்டில்]] என்று நடுவில் ஒரு கோடிட்டு எழுதினால், வாக்கியத்தில் உருபேற்ற சொல் தெரியும், இணைப்பு மூலக் குறிப்புக்குப் போகும். அடிக்கடி வரும் பெயர்களுக்கு, குறிப்பின் தலைப்பகுதியில் மாற்றுப்பெயர்களாக ‘ஏற்காட்டில்’, ‘ஏற்காட்டின்’, ‘ஏற்காட்டு’ ஆகியவற்றைச் சேர்த்துவிடலாம். முதலில் எரிச்சலாக இருக்கும். ஊர்ப்பெயர்களுக்கும் ஆட்பெயர்களுக்கும் மட்டும் செய்தால் போதும் என்பது என் கருத்து. மாவட்டச் சிக்கலுக்கும் தீர்வு இவ்வகையிலேயே கிடைத்தது: ‘சேலம் மாவட்டம் 1965க்கு முன்’, ‘சேலம் மாவட்டம் 1997க்குப் பின்’ என்று குறிப்புகளைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு புள்ளிவிவரத்தையும் உரிய குறிப்போடு இணைத்துவிட்டேன்.

கிராஃப் வியூ என்று ஒன்று உண்டு. குறிப்புகளைப் புள்ளிகளாகவும் இணைப்புகளைக் கோடுகளாகவும் காட்டும் அந்தப் படத்தைப் பார்த்தே பலர் இச்செயலிக்கு வருகிறார்கள். பார்க்க அழகாயிருக்கிறது, அதைப் பார்த்து நான் ஒரு வரியும் எழுதியதில்லை. ஆயிரக்கணக்கில் கிடைக்கும் பிளகின்கள் என்ற கூடுதல் வசதிகளுக்கும் ஏறத்தாழ இதையே சொல்வேன். செயலியை அலங்கரிப்பதில் மாலைப்பொழுது முழுவதும் போய்விடும். கட்டுரை அப்படியே கிடக்கும்.

கணினியிலும் கைபேசியிலும் ஒரே குறிப்புகள் வேண்டுமானால் அவர்களுடைய சிங்க் சேவைக்குத் தனிக் கட்டணம் உண்டு; ஆண்டுச் சந்தாவாகச் செலுத்தினால் அடிப்படைத் திட்டத்துக்கு மாதம் 4 டாலர் ஆகிறது. களத்தில் எடுத்த குறிப்பை வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்பவருக்கு இது வேண்டியதில்லை. இருவர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் எழுத வேண்டியிருந்தால் கூகுள் டாக்ஸே பொருத்தம். இது தனியாள் எழுத்துக்கான கருவி.

வாரம் ஒரு பத்தி எழுதுபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் நினைவாற்றலும் போதும். ஆய்வேடு எழுதும் மாணவர்கள், ஊர் வரலாறு தொகுப்பவர்கள், ஒரே பொருளை ஆண்டுக்கணக்கில் துரத்துபவர்கள் தயங்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம். இறுதிப் பிரதியை மட்டும் வேறிடத்தில் தயாரிப்பது நல்லது: ஆப்சிடியன் பிடிஎஃப் ஆகத் தரும், வேர்ட் கோப்பாகத் தர ஒரு பிளகின் வேண்டும். பத்திரிகைகள் பெரும்பாலும் வேர்ட் கோப்பைத்தான் கேட்கின்றன என்பதால், நான் வரைவை முடித்ததும் வேர்டில் ஒட்டி, சதுர அடைப்புகளை நீக்கி, அங்கேயே கடைசித் திருத்தங்களைச் செய்துவிடுகிறேன்.