மிதிவெடித் தடைக்காகப் பேசுபவர் கையில் இருக்க வேண்டிய ஆண்டறிக்கை: ‘லேண்ட்மைன் மானிட்டர்’

மனிதர்களைக் கொல்லவும் முடமாக்கவும் புதைக்கப்படும் மிதிவெடிகளை உலகம் முழுவதும் தடைசெய்யக் கோருபவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் நூல்களில் ‘லேண்ட்மைன் மானிட்டர்’ ஆண்டறிக்கைக்கு நான் முதலிடம் தருவேன். 1997இல் அமெரிக்கச் செயற்பாட்டாளர் ஜோடி வில்லியம்ஸுடன் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்ட, மிதிவெடித் தடைக்கான சர்வதேசப் பிரசார இயக்கம், 1999 முதல் இதை வெளியிட்டு வருகிறது. இணையத்தில் யாரும் தரவிறக்கிக்கொள்ளலாம்.

இதன் அருமையை உணர, மிதிவெடிகளைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கையான ஒட்டாவா ஒப்பந்தத்தின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். அதில் சேரும் நாடு தன் கையிருப்பை 4 ஆண்டுகளில் அழிக்கவும், தன் மண்ணில் புதைந்திருப்பவற்றை 10 ஆண்டுகளில் அகற்றவும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் சொன்னபடி நடக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்க நிரந்தர ஆய்வாளர் படை எதுவும் கிடையாது. அந்தந்த நாடே ஆண்டுதோறும் தன்னைப் பற்றி அறிக்கை தருகிறது. தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவனை எவ்வளவு நம்பலாமோ, அவ்வளவுதான் அதையும் நம்பலாம். அரசு சொல்வதை வெளி ஆதாரங்களோடு ஒப்பிட்டு, முரண்படும் இடத்தில் நாட்டின் பெயரைச் சொல்லியே எழுதுவதால், அரசு சாராத இந்த அறிக்கை அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது.

எண்களைக் கையாளும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. 2024 பதிப்பின்படி, 2023இல் உயிரிழந்தோ காயமடைந்தோ பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 5,757 பேர். மியான்மாரில் மட்டும் 1,003 பேர். பாதிக்கப்பட்டவர்களில் 84 சதவீதம் பொதுமக்கள். வயது தெரிந்த பொதுமக்களில் 37 சதவீதம் குழந்தைகள். “குறைந்தது” என்ற சொல் வெறும் சம்பிரதாயம் அன்று, பதிவாகாமல் போன விபத்துகள் பல உண்டு என்பதை அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. அந்த மொத்தத்தில் மிதிவெடிகளோடு, போரில் வெடிக்காமல் எஞ்சிய மற்ற வெடிபொருட்களால் நேர்ந்தவையும் அடக்கம் என்பதை மேடையில் பேசுபவர்கள் மறக்கக் கூடாது. எண்ணைப் பெருக்கிக் காட்டினால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

நாடுவாரியான பக்கங்களில்தான் நம்மவர்களுக்கு வேலை இருக்கிறது. ஈழப்போரில் இராணுவமும் விடுதலைப் புலிகளும் மிதிவெடிகளைப் புதைத்தார்கள். புலிகளின் ‘ஜொனி’ வெடியை வன்னியில் அறியாதவர் குறைவு. முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்த பின்னும் மண்ணை அங்குலம் அங்குலமாகத் துழாவ வேண்டியிருந்தது. இலங்கை 2017 டிசம்பரில்தான் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அகற்றி முடிக்க அதற்குள்ள கெடு 2028 ஜூன். இந்தியாவோ இன்றுவரை சேரவில்லை, மிதிவெடி உற்பத்தியைக் கைவிடாத நாடுகளின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. 2001–02இல் பாகிஸ்தான் எல்லை நெடுக இந்திய இராணுவம் பெருமளவில் புதைத்ததும், அதனால் எல்லைக் கிராமங்களின் விளைநிலங்கள் பயன்படாமல் போனதும் தமிழ்நாட்டில் பேசப்பட்டதே இல்லை என்று சொல்லலாம்.

குறைகளும் உண்டு. ஒரு பதிப்பு அதற்கு முந்தைய ஆண்டின் பாதிப்புகளையே சொல்வதால், நடந்துகொண்டிருக்கும் போரைப் பற்றி உடனடித் தகவல் தேடுபவருக்கு இது உதவாது. நாட்டுப் பக்கங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை. மேற்கோள் காட்டும் முன் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. நடையும் அலுவலக நடைதான், தமிழில் கிடைப்பதும் இல்லை. தமிழர் நிலத்தில் இவ்வளவு புதைந்திருந்தும் இது இல்லாதது எனக்கு வருத்தமே.

ஆனாலும் இப்போது இதைப் படிக்க வலுவான காரணம் இருக்கிறது. எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளும் ரஷ்ய அச்சத்தைக் காட்டி 2025இல் விலகல் அறிவிப்பைக் கொடுத்தன. ஆறு மாதத்தில் விலகல் நடப்புக்கு வரும் என்றாலும், அந்தக் காலம் முடியும்போது ஆயுதப் போரில் இருக்கும் நாடு, போர் முடியும் முன் விலக முடியாது என்று ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. “தற்காப்புக்குத்தானே” என்ற வாதத்துக்கு, புதைத்தவர்கள் போன பின்பு யார் மிதித்தார்கள் என்ற இந்தப் பதிவைவிடத் தெளிவான பதிலை நான் வேறெங்கும் படித்ததில்லை.

புதிதாகப் படிப்பவர்கள் முழு அறிக்கையில் இறங்க வேண்டாம். முதலில் முக்கிய முடிவுகளின் சுருக்கம், அடுத்து இந்தியா, இலங்கை, மியான்மார் பக்கங்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுத அவையே போதும்.