செஸ்னா 172என்: ஓடிய மணியைவிட நின்ற மாதத்தைப் பாருங்கள்

அமெரிக்கச் சந்தையில் பழைய செஸ்னா 172என் என்ற சிறு விமானத்தை வாங்க நினைப்பவர் விளம்பரத்தில் முதலில் தேடுவது இன்ஜின் ஓடிய மணிக்கணக்கை. "ஓவர்ஹால் (இன்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) முடிந்து 400 மணி மட்டுமே" என்று பார்த்ததும் மனம் அங்கேயே சாய்ந்துவிடும். அந்த 400 மணி நான்கு ஆண்டுகளில் ஓடியதா, 22 ஆண்டுகளில் ஓடியதா? விலையைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இதுதான். முதலாவதை நம்பி வாங்கலாம். இரண்டாவதை வாங்கினால், இன்ஜினைப் பிரித்துப் புதுக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு) போடும் செலவும் கூடவே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

172என் மாடல் 1977 முதல் 1980 வரை விச்சிட்டாவில் தயாரானது. நான்கு இருக்கை, மேலே இறக்கை, மடங்காத சக்கரம், கோணம் மாறாத புரொப்பெல்லர், 160 குதிரைத்திறன், 2300 பவுண்டு மொத்த எடை. சாதாரண டேங்க் என்றால் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 40 கேலன். மணிக்கு 8 கேலன் குடித்துக்கொண்டு 110 நாட் வேகத்தில் போகும். இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃப்ளாப் 40 டிகிரி வரை இறங்கும். பின்னால் வந்த 172பி (172P) மாடலில் இதை 30 டிகிரியோடு நிறுத்திவிட்டார்கள். குறுகிய ஓடுபாதையில் இறங்குகிறவருக்கு அந்த 10 டிகிரி பெரிய வரம். ஆனால் முழு ஃப்ளாப்பை உடனே 20 டிகிரிக்குக் குறைக்காமல் மீண்டும் மேலேறப் பார்த்தால் வண்டி எழும்பத் திணறும்.

இதன் கட்டமைப்பில் புதிர் எதுவும் இல்லை. அமெரிக்காவில் எந்தச் சிறு விமானநிலையத்துக்குப் போனாலும் இதைக் கையாண்ட மெக்கானிக் ஒருவராவது இருப்பார். பெரும்பாலான உதிரிபாகங்களும் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 1977 வண்டியில் மின்சாரம் 14 வோல்ட், 1978 முதல் 28 வோல்ட். பேட்டரி, ஆல்டர்னேட்டர், விளக்கு என எதை ஆர்டர் செய்தாலும் முதலில் ஆண்டைச் சரிபாருங்கள்.

இந்த மாடலுக்கு வந்த கெட்ட பெயர் முழுக்க இன்ஜினால் வந்தது. லைகமிங் ஓ-320-எச்2ஏடி என்ற இந்த இன்ஜின், பெயரில்தான் மற்ற ஓ-320 இன்ஜின்களுக்குச் சொந்தம். கிராங்க்கேஸ் எனும் இன்ஜின் கூடு, கேம், கேமின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் டாப்பெட் எல்லாமே வேறு. தொடக்க ஆண்டுகளில் கேம் மேடுகளும் டாப்பெட்டின் முகமும் உரசிச் செதில்செதிலாகப் பெயர்ந்தன. லைகமிங் பாகங்களை மாற்றியது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, எல்டபிள்யூ-16702 என்ற எண்ணெய்ச் சேர்க்கையைக் கட்டாயமாக்கியது. அந்த உத்தரவு இன்றும் அமலில் இருக்கிறது. ஏரோஷெல் 15டபிள்யூ-50 எண்ணெயில் இந்தச் சேர்க்கை ஏற்கெனவே கலந்திருப்பதால், அதை ஊற்றுகிறவர் தனியாக டப்பா வாங்க வேண்டாம். வேறு எண்ணெய் ஊற்றுகிறவர் ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் சேர்க்கையை ஊற்றி, ஊற்றியதைப் பராமரிப்புப் பதிவேடான லாக் புக்கிலும் எழுத வேண்டும். வாங்கும் முன் லாக் புக்கைப் புரட்டினால் முந்தைய உரிமையாளர் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சேர்க்கை மட்டும் கேமைக் காப்பாற்றாது. லைகமிங் இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. இன்ஜினை நிறுத்தியதும் கேமின் மேலுள்ள எண்ணெய் வடிந்து கீழே இறங்கத் தொடங்கும். சில வாரம் நின்றால் உலோகம் வெறுமையாகிவிடும். உள்ளே தங்கிய ஈரம் அதன்மேல் மெல்லிய துருவைப் படியவைக்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் துருவே உப்புத்தாள்போல டாப்பெட்டைத் தேய்க்கும். பறக்க நேரமில்லாதபோது ஹேங்கருக்கு முன்னால் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது பலரின் வழக்கம். அது உதவி செய்வதற்குப் பதிலாகக் கெடுதல்தான் செய்கிறது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி கிராங்க்கேஸுக்குள் வந்து சேர்கிறது, அதை விரட்டும் அளவுக்கு எண்ணெய் சூடாவதே இல்லை. எண்ணெய் 75 டிகிரி செல்சியஸைத் தாண்டி அரை மணி, முக்கால் மணி நேரம் வானத்தில் ஓடினால்தான் ஈரம் வெளியேறும். வாரம் ஒருமுறை பறக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்று முன்பே தெரிந்தால், பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் பிளக் மாட்டி முறையாக மூடி வையுங்கள்.

குளிரிலும் இந்த இன்ஜினுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். மற்ற பெரும்பாலான மாடல்களை -12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால்தான் சூடேற்றி ஸ்டார்ட் செய்யச் சொல்கிறது லைகமிங். எச்2ஏடி சேர்ந்த குடும்பத்துக்கு மட்டும் அந்த எல்லையை -7 டிகிரியாக வைத்திருக்கிறது. உறைந்த எண்ணெய் கேமுக்குப் போய்ச் சேரும் முன்பே டாப்பெட் உரசிவிடும் என்பதே காரணம். மினசோட்டாவிலோ மிச்சிகனிலோ வண்டி வைத்திருப்பவருக்கு ஹீட்டர் அவசியத் தேவை.

இதே இன்ஜினில் ஒரு நல்ல அம்சமும் இருக்கிறது. டாப்பெட்டுகள் உருளை வடிவத்தில் இருப்பதால் கிராங்க்கேஸைப் பிளக்காமலே வெளியே எடுக்கலாம். டாப்பெட்டுக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள புஷ்ராடைக் கழற்றி டாப்பெட்டை உருவினால், அதன் முகத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம், அந்தத் துளை வழியாகக் கேம் மேட்டையும் பார்க்கலாம். மற்ற ஓ-320 இன்ஜின்களில் அதைப் பார்க்கக் குறைந்தது ஒரு சிலிண்டரையாவது கழற்ற வேண்டும். ஆகவே எச்2ஏடி என்ற பெயரைக் கேட்டதும் ஓடத் தேவையில்லை. திறந்து பார்த்து வாங்கக்கூடிய இன்ஜின் இது.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோவும் ஒரே கூட்டுக்குள் ஒரே அச்சில் சுழல்வதுதான் மெய்யான குறை. பெயரின் கடைசியில் உள்ள 'டி' அதைத்தான் குறிக்கிறது. அந்த அச்சோ பல்சக்கரமோ உடைந்தால் இரண்டும் சேர்ந்து போகும். 500 மணிக்கு ஒருமுறை கழற்றி, அனுபவமுள்ள பட்டறைக்கு அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இதற்கான பாகங்கள் விலை அதிகம், காத்திருக்கவும் வேண்டியிருக்கும். புறப்படும் முன் நிமிடத்துக்கு 1700 சுற்றில் ஒவ்வொரு மேக்னெட்டோவையும் தனித்தனியாகச் சோதிக்கும்போது சுற்று வேகத்தின் சரிவு 125-ஐத் தாண்டக் கூடாது, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. சரிவே இல்லை என்றால் மகிழாதீர்கள். சுவிட்சின் எர்த் வயர் அறுந்து, அணைத்த பிறகும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கலாம். அந்த நிலையில் புரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் இன்ஜின் உதைத்துக்கொண்டு கிளம்பும்.

சரிவு மிகுந்தால் பெரும்பாலும் கீழ் வரிசை ஸ்பார்க் பிளக்கில் ஈயம் அடைத்திருக்கும். விமானத்துக்கான 100எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். தரையில் பெட்ரோல் செறிந்த கலவையில் உருண்டு போனால் அது உருண்டையாகப் பிளக்கில் படியும். தரையில் இறங்கியதும் மிக்ஸ்சர் பிடியை நன்றாக இழுத்துக் கலவையை மெலிதாக்கி ஓட்டுவதே இதற்கு மருந்து. எட்டுப் பிளக்கையும் கழற்றிச் சுத்தம் செய்து, மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றி, புதுச் செப்பு வாஷரோடு 35 அடி-பவுண்டு முறுக்கில் மாட்டுங்கள். மின்தடை 5000 ஓமைத் தாண்டிய பிளக் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டியதே.

எண்ணெய் ஃபில்டர் இருந்தால் 50 மணிக்கு ஒருமுறை, வலை மட்டும் இருந்தால் 25 மணிக்கு ஒருமுறை, எப்படி ஆனாலும் நான்கு மாதத்துக்குள் எண்ணெய் மாற்ற வேண்டும். கழற்றிய ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பைப் பிழிந்து விரித்து, காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் செதில்கள் கேமையும் டாப்பெட்டையும் காட்டிக்கொடுக்கும். புறப்படும் இடத்தில் நின்றபடி முழு த்ராட்டில் கொடுத்தால் நிமிடத்துக்கு 2280-க்கும் 2400-க்கும் இடையே சுற்ற வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் வால்வு முழுதாகத் திறக்காத அளவுக்குக் கேம் மேடு தேய்ந்திருக்கலாம் என்று சந்தேகியுங்கள். எண்ணெயை 6 குவார்ட் வரை நிரப்பினால் ஒரு பங்கை, கிராங்க்கேஸின் காற்றை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் விமானத்தின் வயிற்றுப் பகுதியில் துப்பிவிடும். குறுகிய பயணத்துக்கு 5 போதும்.

சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்திப் பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையில் 70-க்கு மேல் நின்றால் கவலையில்லை. 60-க்குக் கீழே போனாலும் உடனே சிலிண்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள். காற்று எங்கே கசிகிறது என்று காது வைத்துக் கேளுங்கள். எண்ணெய்க் குழாயில் சீறினால் ரிங், சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. பிறகு போரோஸ்கோப் எனும் குழாய்க் கேமராவை உள்ளே விட்டு வால்வின் முகத்தைப் பாருங்கள். வட்டம் வட்டமாக ஒரே சீராகப் படிந்த நிறம் நல்ல வால்வு. ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறித் திட்டாக இருந்தால் அங்கே கருகத் தொடங்கிவிட்டது.

இன்ஜினை மாற்றலாம், உடலை மாற்ற முடியாது. பெரும்பாலான 172என் வண்டிகளின் அலுமினியத் தகடுகளுக்கு உட்புறம் ப்ரைமர் பூசாமலே தொழிற்சாலையிலிருந்து அனுப்பினார்கள். ஃபுளோரிடா, டெக்சஸ் கடற்கரைகளில் வெளியே நின்ற வண்டியின் இறக்கைக்குள் அரிப்பின் வெண்பொடி படிந்த ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் நீள்சட்டம்) இருக்கலாம், வெளியே புதுப் பெயின்ட் மினுக்கலாம். பரிசோதனை மூடிகள் எல்லாவற்றையும் கழற்றி விளக்கும் கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். கண்ணாடி ஓரத்திலும் இறக்கை சேரும் இடத்திலும் கசிந்த மழைநீர் கம்பளத்துக்கு அடியில் தேங்கும், அங்கே தரைத்தகட்டைப் பாருங்கள். இறக்கைத் தாங்கி வந்து இணைகிற, கதவின் முன்பக்கத் தூணின் அடிப்பகுதியில் விரிசல் வருவதால் அங்கே கட்டாயப் பரிசோதனை உண்டு. சுத்தமான வண்டி கிடைத்தால் ஏசிஎஃப்-50 போன்ற அரிப்புத் தடுப்பு எண்ணெயை உள்ளே புகையாக அடித்து வையுங்கள். சில வாரம் ரிவெட் இடுக்கெல்லாம் கசிந்து பெயின்டை அழுக்காக்கும். பொறுத்துக்கொள்ளலாம்.

இருக்கைத் தண்டவாளத்தைச் சிறு விஷயமாக எண்ணிவிடாதீர்கள். பூட்டு ஊசி போகும் துளைகள் தேய்ந்து நீள்வட்டமாகும். மேலெழும் நேரத்தில் ஊசி நழுவினால் இருக்கை பின்னால் ஓடும், கையில் பிடித்த யோக்கும் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) கூடவே வரும், மூக்கு செங்குத்தாக எழும்பும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. துளை 0.42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, ஊசி 0.15 அங்குலமாவது இறங்க வேண்டும். இதை ஒவ்வோர் ஆண்டும் அளக்க வேண்டும் என்பது உத்தரவு.

மூக்குச் சக்கரம் தரையில் படபடவென ஆடினால் உடனே ஆட்டத்தை அடக்கும் புது டாம்பர் வாங்கிவிடுகிறார்கள். முதலில் டயரில் 31, அதிர்ச்சி தாங்கும் ஸ்ட்ரட்டில் 45 பிஎஸ்ஐ இருக்கிறதா பாருங்கள், டயரைச் சமன் செய்யுங்கள், ஸ்ட்ரட்டின் இரு பாதிகளையும் இணைக்கும் டார்க் லிங்க்கின் புஷ்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்த வண்டியில் எந்த டாம்பரும் நிற்காது. மூக்கு மோதி இறங்கிய வண்டியை, இன்ஜினுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வால் காட்டிக்கொடுக்கும். கீழ் மூலையில் சுருக்கம், மற்றவற்றோடு ஒத்துப்போகாத ரிவெட் இரண்டையும் தேடுங்கள்.

மீதி விஷயங்கள் சுருக்கமாக. ஹீட்டருக்குக் காற்றைச் சூடாக்கும் சைலன்ஸரின் உறையை ஆண்டுதோறும் கழற்றி, காற்றழுத்தம் கொடுத்துச் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக அறைக்குள் வரும். இடது இறக்கைக்கு அடியில் தாங்கிக்கு அருகிலுள்ள பெட்ரோல் டேங்க் காற்றுக் குழாயில் குளவி கூடு கட்டும். உலர் வேக்குவம் பம்ப் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். அது சுழற்றும், விமானத்தின் சாய்வையும் திசையையும் காட்டும் பழைய கைரோக்களுக்குப் பதில் கார்மின் ஜி5 போன்ற மின்னணுக் கருவி மாட்டுவதே நல்ல முடிவு.

செலவுக்கு வருவோம். ஓவர்ஹால் எளிதாக 30,000 டாலரைத் தாண்டும். அடுத்த ஓவர்ஹால் வரையிலான 2000 மணியால் வகுத்து மணிக்கு 15 டாலர் ஒதுக்கினால் போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கு பயிற்சிப் பள்ளிக்குப் பொருந்தும். ஆண்டுக்கு 60 மணி பறக்கும் தனி உரிமையாளருக்கு 2000 மணி வர 33 ஆண்டாகும். ஓவர்ஹாலுக்கு லைகமிங் சொல்லும் 12 ஆண்டு வரம்பில் அவர் பறப்பது 720 மணிதான். அப்படிப் பார்த்தால் மணிக்கு 42 டாலர் ஒதுக்க வேண்டும். எண்ணெய், பிளக், டயர், பேட்டரி மாற்றுவதை விமானி உரிமம் உள்ள உரிமையாளரே செய்து லாக் புக்கில் கையெழுத்திட அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆண்டுப் பரிசோதனையில் மூடிகளைக் கழற்றி மாட்டும் வேலையை மெக்கானிக்கின் மேற்பார்வையில் நீங்களே செய்தால் கூலி கணிசமாகக் குறையும், வண்டியின் உட்புறமும் உங்களுக்குப் பழகும்.

முந்தைய 172எம் மாடலின் ஓ-320-இ2டி இன்ஜின் 150 குதிரைத்திறன்தான். ஆனால் கம்ப்ரஷன் 7-க்கு 1 என்பதால் தனி அனுமதி பெற்றுக் கார் பெட்ரோலிலும் ஓடும். 172என்னின் 9-க்கு 1 இன்ஜினுக்கு அந்த வசதி இல்லை, 100 ஆக்டேன் வேண்டும். ஈயப் பெட்ரோலை 2030-க்குள் விலக்குவது அமெரிக்காவின் இலக்கு என்பதால் இதையும் எடைபோடுங்கள். இரண்டும் ஒரே நிலையில் ஒரே விலைக்கு வந்தால் 172எம் மாடலை எடுங்கள். 172என் மலிவாக வந்து, கேம் சுத்தமாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

அதற்கு, விற்பவரின் ஆண்டுப் பரிசோதனையைச் செய்யாத மெக்கானிக் ஒருவரை நியமியுங்கள். டாப்பெட்டுகளில் இரண்டையாவது உருவிப் பார்க்கச் செய்து, அதன் கூலியை நீங்களே கொடுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.