தமிழ் வாசிக்கப் பழக எது உதவும்: ஸ்டோரிவீவரா, தீக்‌ஷாவா, கான் அகாடமி கிட்ஸா?

ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் காசில்லாமல் கிடைப்பவற்றில் இந்த மூன்றும் உருப்படியானவை. மூன்றிலும் விளம்பரத் தொல்லை இல்லை. தமிழை எழுத்துக்கூட்டாமல் வாசிக்க வைப்பதுதான் நோக்கமென்றால் என் ஓட்டு கதைத் தளமான ஸ்டோரிவீவருக்கு.

கான் அகாடமி கிட்ஸ் செயலி 2 முதல் 8 வயதுக்கானது. ஆங்கில எழுத்தொலி, எண்கள், கூட்டல் கழித்தலுக்கு அருமை. பிள்ளையின் வேகத்துக்கேற்ப அடுத்த பாடம் தானே வரும். உச்சரிப்பு அமெரிக்கர்களுடையது. தமிழ் இல்லை என்பதால் இந்தப் போட்டியில் அது இல்லை.

தீக்‌ஷா 2017இல் வந்த அரசுத் தளம். தமிழ்நாட்டுப் பாடநூலில் இருக்கும் க்யூஆர் குறியீட்டைச் செயலிக்குள்ளிருந்து ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். அச்சு மங்கியிருந்தால் குறியீட்டின் கீழுள்ள ஆறு எழுத்தைத் தட்டச்சு செய்யலாம். காய்ச்சலில் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க இதைவிட நேர்வழி இல்லை. ஆனால் காணொளியில் பிள்ளை கேட்கிறதே தவிர வாசிப்பதில்லை.

ஸ்டோரிவீவர், லாபநோக்கமற்ற சிறுவர் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. கதைகள் கடினத்துக்கேற்ப நான்கு நிலைகளில் இருக்கின்றன. முதல் நிலையில் 250 சொல்லுக்குள், இரண்டாவதில் 600க்குள். நான் இதன் பக்கம் சாய ஒரே காரணம், கதையை பிடிஎஃப் ஆக இறக்கித் தாளில் அச்சிடலாம், உரிமமும் அதை அனுமதிக்கிறது. ஃபோனில் பிள்ளை படத்தைப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போய்விடும். தாளில் எழுத்துக்கடியில் விரல் வைக்கலாம், திக்கிய சொல்லைப் பென்சிலால் வட்டமிடலாம், மறுநாள் அந்த இடத்திலேயே தொடங்கலாம்.

அச்சிடும் முறை: பெரும்பாலும் கடைசிப் பக்கங்கள் உரிமக் குறிப்புகள்தான், விட்டுவிடுங்கள். நெட்டுவாட்டக் கதையென்றால் அடோபி ரீடரில், தாளின் இருபக்கமும் அச்சிட்டு நடுவில் மடித்துப் புத்தகமாக்கும் 'புக்லெட்' முறையைத் தேர்ந்தெடுங்கள். 12 பக்கம் மூன்று ஏ4 தாளில் அடங்கும். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடாவிட்டால் வெற்றுப்பக்கம் வரும், பாதகமில்லை. பின்பக்கம் தலைகீழாக விழுந்தால், தாளைக் குட்டை ஓரமாகத் திருப்பும்படி அமைப்பை மாற்றவேண்டும். படுக்கைவாட்டக் கதை புக்லெட்டில் சிறுத்துப்போகும். அதை ஒரு தாளில் மேலும் கீழுமாக இரண்டு பக்கம் எடுத்து, நடுவில் வெட்டி, இடது ஓரத்தில் ஸ்டேப்ளர் அடிப்பது மேல். படத்தின் பின்னணி முழுக்க அடர்நிறமாக இருந்தால் வேறு கதை பாருங்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் எல்லாம் கரிப்பிடித்தாற்போல் வரும்.

குறையும் உண்டு. பல கதைகள் மொழிபெயர்ப்பு. மூலத்தின் நிலையே தமிழுக்கும் போடப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் மூன்று சின்னச் சொல்லாக இருப்பது தமிழில் 'ஓடிக்கொண்டிருந்தார்கள்' என்று ஒரே நீளச் சொல்லாகிவிடும். முதல் நிலையிலேயே பிள்ளை திணறுவதற்கு இது பெரும்பாலும் காரணம். தன்னார்வலர் மொழிபெயர்ப்புகளின் நடையும் ஏறியிறங்கும். எனவே அச்சிடுமுன் இரண்டு பக்கத்தை நீங்களே உரக்க வாசியுங்கள். நாக்கு தடுக்கினால் விட்டுவிடுங்கள். கதை பிடித்திருந்து சொற்கள்தான் கடினமென்றால், அதே தளத்தில் நிலையை மாற்றி எழுதும் வசதி இருக்கிறது: 'ஓடிக்கொண்டிருந்தார்கள்' என்பதை 'ஓடினார்கள்' ஆக்கி அச்சிடலாம்.

ஒலியோடு வரும் கதைகளைத் தூங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாசிப்பது பிள்ளையல்ல, ஒலிப்பதிவு.