கையடக்க எக்கோ கருவி: இதய உறையைப் பார்த்துப் பழகிய நான்கு ஆண்டுகள்

ஒலியலைகளால் இதயத்தைப் படமாகக் காட்டும் இந்தச் சிறிய எக்கோ கருவி நான்கு ஆண்டுகளாக என் சட்டைப் பையில் இருக்கிறது. மூச்சுத் திணறி வருகிறவரின் இதய உறையில் (இதயத்தைச் சுற்றியுள்ள பையில்) நீர் சேர்ந்திருக்கிறதா என்று உடனே பார்ப்பதற்காகவே வாங்கினேன். அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. நீர் கறுப்பாகத் தெரியும்.

ஆனால் கறுப்பெல்லாம் இதய உறை நீர் அல்ல. வாங்கிய புதிதில், ஒருவரின் நுரையீரல் உறை நீரை இதய உறை நீர் என்று எழுதிவிட்டேன். பெரிய கருவியில் பார்த்த மூத்த மருத்துவர் திருத்தினார். அன்று முதல், மார்பெலும்பை ஒட்டிய நீள்வெட்டுக் காட்சியில் ஆழத்தைக் கூட்டி, இதயத்துக்குப் பின்னால் கீழிறங்கும் இறங்கு பெருந்தமனியைக் கண்டுபிடிக்காமல் புரோப்பை (மார்பில் வைக்கும் கருவி முனையை) எடுப்பதில்லை. அந்தத் தமனிக்கு முன்னால் நுழைந்து முடிவது இதய உறை நீர். பின்னால் போவது நுரையீரல் உறை நீர். முன்புறம் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிந்து இதயத்தோடு சேர்ந்து அசையும் பட்டை பெரும்பாலும் கொழுப்புதான்.

நீரின் தடிமன் 10 மி.மீ.க்குக் குறைவென்றால் சிறிது, 20 மி.மீ.க்கு மேல் பெரிது என்று அளந்துவிடலாம். ஆபத்தைச் சொல்வது அந்த எண் அல்ல, நீர் சேர்ந்த வேகம். வாரக்கணக்கில் மெல்லச் சேர்ந்த ஒரு லிட்டரைத் தாங்கும் இதயம், சட்டென்று சேர்ந்த 200 மி.லி.யில் திணறிப்போகலாம். அதனால் நான் தேடுவது, இதயம் விரியும் நேரத்தில் வலது கீழறையின் சுவர் உள்ளே மடங்குகிறதா என்பதை. மடங்கினால் நீர் இதயத்தை நெரிக்கிறது என்று பொருள்.

இங்கேதான் கருவியின் பெரிய குறை. ஈசிஜி கோடு இல்லை. சுருங்கும் நேரம் எது, விரியும் நேரம் எது என்று வேகமாகத் துடிக்கும் இதயத்தில் கண்ணால் பிரிக்க முடியாது. ஒரு கோட்டில் உள்ளவற்றின் அசைவை நேரப்போக்கில் வரைந்து காட்டுவது எம்-மோடு. அதன் கோட்டை வலது கீழறைச் சுவரும், இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வும் ஒன்றாக அகப்படும்படி வைப்பேன். வால்வு திறந்திருப்பது இதயம் விரியும் நேரத்தில்தான்; அப்போதே சுவர் குழிந்தால் ஐயமில்லை. கூடவே, உடலின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப் பெருஞ்சிரை: 21 மி.மீ.க்கு மேல் பருத்து, மூச்சை உறிஞ்சும்போதும் பாதியளவு சுருங்காவிட்டால் உடனே ஆளை அழைக்கிறேன். நுரையீரல் தமனி அழுத்தம் உயர்ந்தவர்களிடம் சுவர் மடங்காமலே போகலாம். இதய அறுவைக்குப் பின் ஓரிடத்தில் தேங்கிய இரத்தக்கட்டியும் கண்ணுக்குத் தப்பும். இவர்களிடம் படம் நன்றாக இருக்கிறது என்று நான் ஆறுதல் கொள்வதில்லை.

உறை இறுகிப்போன நோய்க்கு என் கருவி போதாது. இதய நடுச்சுவர் மூச்சுக்கேற்ப இடப்பக்கம் துள்ளுவதைக் காட்டும், அவ்வளவுதான். மைட்ரல் வால்வைச் சுற்றிய வளையத்தின் உட்பக்க வேகம் வெளிப்பக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்க்க, இதயத் தசை அசையும் வேகத்தை அளக்கும் திசு டாப்ளர் வேண்டும். அந்தத் துள்ளலைக் கண்டால் அன்றே பெரிய கருவிக்கு அனுப்பிவிடுகிறேன்.