ஃபேஜ் சிகிச்சை: ஆயத்தக் கலவையா, ஆளுக்கேற்ற தேர்வா?

ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிக்கு ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ்) கொடுக்க இரண்டு வழிகள். ஆயத்தக் கலவை உடனே கிடைக்கும். ஜார்ஜியா நாட்டின் எலியாவா நிறுவனம் நெடுங்காலமாகத் தயாரிக்கிறது. ஆனால் வீரியம் சரிந்தால் பயனில்லை. தீக்காயங்களுக்கான பேகோபர்ன் ஆய்வில், 12 ஃபேஜ்கள் கொண்ட கலவையை மில்லிலிட்டருக்கு 10 லட்சம் ஃபேஜ் என்ற அளவில் கொடுக்கத் திட்டம். வீரியம் குறைந்து, நோயாளிக்குப் போனது சுமார் 100தான்!

ஆளுக்கேற்ற தேர்வில், நோயாளியின் கிருமியை அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டு முழுக்கப் பரவலாக வளர்த்து, ஒவ்வொரு ஃபேஜையும் ஒரு சொட்டு வைத்து, மறுநாள் பார்க்கிறார்கள். தெளிந்த வட்டம் விழுந்தால் எடுக்கலாம். கலங்கலாக இருந்தால் கிருமி பிழைத்திருக்கிறது, ஒதுக்குங்கள். தேர்ந்த ஃபேஜைப் பெருக்கிய பின், கிருமி உடைந்து வெளிவரும் நச்சான எண்டோடாக்சினை நீக்காமல் ரத்தக் குழாயில் ஏற்றினால் காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும்.

நாள்பட்ட எலும்புத் தொற்றுக்கு இந்தக் காத்திருப்பு தகும். அவசரமென்றால் கலவைதான், அதையும் சொட்டுச் சோதனைக்குப் பிறகே. இரண்டிலும் கிருமி எதிர்ப்புப் பெறலாம்; சிகிச்சையின் நடுவிலும் மாதிரி எடுத்துச் சோதியுங்கள்.