‘செக்ஸ், டிரக்ஸ் அண்ட் கோகோ பஃப்ஸ்’: முதல் பக்கத்தில் தொடங்க வேண்டாம்

டிவி, பாட்டு, விளம்பரம் என்று வெகுஜன ரசனையைப் பற்றி எழுதும் அமெரிக்க எழுத்தாளர் சக் க்ளோஸ்டர்மனின் இந்தக் கட்டுரைத் தொகுப்பு 2003இல் வந்தது. மொத்தம் 18 கட்டுரைகள். பொருளடக்கமே ஒரு குறும்பு: பாட்டு சிடியின் பின்னட்டை மாதிரி 0:01, 0:12 என்று போட்டிருக்கும். நேரம் என்று நினைத்துவிடாதீர்கள், பக்க எண்தான்.

எல்லாரும் செய்வதுபோல முதல் கட்டுரையில் நுழைந்தால் பாதிப் பேர் அங்கேயே மூடி வைத்துவிடுவார்கள். கோல்ட்பிளே என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் பாடல்களும் காதல் படங்களும் நிஜக் காதலைக் கெடுத்துவிட்டன என்ற புலம்பல் அது. சிரிப்பு வரும், ஆனால் சுயபச்சாதாபம் கொஞ்சம் தூக்கல். நேராகப் பதினோராவதுக்குப் போங்கள்.

அது ‘சேவ்ட் பை தி பெல்’ என்ற அமெரிக்கப் பள்ளிக்கூடத் தொடரைப் பற்றியது. தொடரின் கடைசிக் கட்டத்தில் கெல்லி, ஜெஸ்ஸி என்ற இரு முக்கியப் பாத்திரங்கள் திடீரெனக் காணாமல் போகிறார்கள். டோரி என்ற புதுப்பெண் வருகிறாள். யாரும் எதுவும் விளக்குவதில்லை. பட்டமளிப்பு எபிசோடில் பழைய இருவரும் இருக்கிறார்கள், டோரி இல்லை! தயாரிப்புக் குளறுபடிதான், சந்தேகமில்லை. க்ளோஸ்டர்மன் அதைக் கிண்டல் செய்துவிட்டு நகர்வதில்லை. படிக்கிற காலத்தில் நட்பு இப்படித்தானே இருக்கும் என்கிறார். ஒரு பருவம் முழுக்கக் கூடவே திரிந்தவன் அடுத்த பருவத்தில் கண்ணிலேயே பட மாட்டான். அதை யாரும் அறிவித்துவிட்டுச் செய்வதில்லை. அப்படியென்றால் தொடரிலேயே யதார்த்தமான விஷயம் அந்தக் குளறுபடிதான். தொடரை ஒரு நிமிடம்கூடப் பார்க்காதவருக்கும் இந்த வாதம் பிடிபடும்.

இந்த வகை எழுத்தின் சூட்சுமமும் அதுதான். அபத்தமாகத் தோன்றும் ஒரு முடிவு, அதற்கு அசைக்க முடியாத சில்லறை விவரம், முகத்தில் சிரிப்பே காட்டாத நடை. மூன்றில் விவரம் போனால் மிஞ்சுவது வெறும் அபிப்பிராயம்.

பத்தாவது கட்டுரை இதற்கு இன்னொரு நல்ல சாட்சி. குழந்தைகளுக்கான சீரியல் (டிவி தொடர் அல்ல, பாலில் போட்டுச் சாப்பிடும் தானிய உணவு) விளம்பரங்களைப் பற்றியது. ட்ரிக்ஸ் என்ற சீரியலின் விளம்பர முயலுக்கு அது கிட்டத்தட்ட எப்போதுமே கிடைக்காது, சிறுவர்கள் பிடுங்கிக்கொள்வார்கள். லக்கி சார்ம்ஸ் என்ற இன்னொரு சீரியலின் குள்ளன் தன்னுடையதைக் காப்பாற்ற ஓடிக்கொண்டே இருப்பான். எல்லாருக்கும் கிடைக்காததுதான் ‘கூல்’ என்ற பாடம் காலைச் சாப்பாட்டு மேசையிலேயே தொடங்கிவிடுகிறது என்கிறார். இதைப் படித்தபிறகு எந்த விளம்பரத்தையும் பழையபடி பார்க்க முடியாது.

சறுக்கல்களும் உண்டு. கால்பந்தைத் திட்டும் ஏழாவது கட்டுரையில் ஆட்டத்துக்குள் அவர் இறங்கவே இல்லை. வெறும் எரிச்சல், அதுவும் நீளமாக. அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயல் பற்றிய கட்டுரை நல்ல வாதம்தான் (கூலாக இல்லாமலே ஒருவர் பெரிய கலைஞராக இருக்கலாம்), ஆனால் நாலு பாட்டாவது கேட்டுவிட்டுப் போனால்தான் ஒட்டும். பெண்களைப் பற்றிய பொதுப்படையான தீர்ப்புகள் பல இடங்களில் நெருடும். அன்றைக்கு அது தைரியம் என்று பட்டிருக்கலாம். இன்று சோம்பலாகத்தான் தெரிகிறது.

காலம் கடந்தும் நிற்பது எம்டிவியின் ‘ரியல் வேர்ல்ட்’ என்ற ரியாலிட்டி ஷோ பற்றிய மூன்றாவது கட்டுரை. அந்த ஷோ 1992இல் தொடங்கியது. அதில் வருபவர்கள் ஆளுக்கொரு குணமாகச் சுருங்கிப்போகிறார்கள், பிறகு பார்ப்பவர்களும் தங்களை அப்படியே சுருக்கிக்கொள்கிறார்கள் என்கிறார். ரியாலிட்டி ஷோ பார்க்கும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்ற அமெரிக்க ராக் குழுவை அச்சு அசலாகப் போலி செய்யும் ஒரு இசைக்குழுவோடு ஊர் சுற்றும் ஐந்தாவது கட்டுரை வேறு ரகம். அதில் வாதத்தைவிடக் கூர்ந்த பார்வைதான் வேலை செய்கிறது.

கட்டுரைகளுக்கு நடுவே வரும் குட்டி இடைச்செருகல்களில் பலவற்றைத் தாண்டிவிடலாம். ஒருவரை நேசிக்க முடியுமா என்று சோதிக்கும் 23 கேள்விகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடிக்குறிப்புகளையும்தான்.

ஒரே மூச்சில் படிக்காதீர்கள். நாலாவது கட்டுரைக்குள் அவர் எங்கே திரும்பப் போகிறார் என்பது முன்கூட்டியே தெரியத் தொடங்கிவிடும். நாளைக்கு ஒன்று, அதுவும் 11, 10, 3, 5 என்ற வரிசையில். இந்த நாலும் பிடிக்கவில்லையென்றால் மீதி பதினாலும் பிடிக்காது.